பருப்பு வேகும் தண்ணீர்: பினாங்கு வீட்டுக் குழாய் நீரும் மின்சாதனங்களும்

தமிழ்நாட்டிலிருந்து பினாங்குக்கு வாழ வந்த உறவினர்கள் முதல் வாரத்திலேயே இரண்டு செய்திகளைச் சொல்வார்கள். இங்கே துவரம்பருப்பு சீக்கிரம் குழைந்துவிடுகிறது என்பது ஒன்று. குளிக்கும்போது எத்தனை முறை நீர் ஊற்றினாலும் சோப்பின் வழுவழுப்பு உடம்பை விட்டுப் போவதில்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நம் குழாய் நீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகக் குறைவு. இந்த இரண்டும் அதிகம் கரைந்திருக்கும் நீரைக் கடின நீர் என்றும், குறைவாக இருக்கும் நீரை மென்னீர் என்றும் சொல்கிறோம். கடின நீரில் உள்ள கால்சியம் பருப்பின் தோலிலும் சதையிலும் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளைப் பிடித்து இறுக்கிவிடுவதால் பருப்பு வேக மறுக்கிறது. கிணற்று நீரில் பருப்பு வேகாது, ஆற்று நீரில்தான் வேகும் என்று ஊரில் பெரியவர்கள் சொன்னது வெறும் நம்பிக்கை அன்று.

வீட்டு மின்சாதனங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். சலவை இயந்திரம், நீரைக் காய்ச்சிச் சூடாகவே வைத்திருக்கும் மின்பானையான தெர்மோபோட், வாட்டர் ஹீட்டர் என்று நான் திறந்து பார்க்கும் பொருள்களில் பெரும்பாலானவை தண்ணீரோடு தொடர்புடையவை. அண்மைக் காலமாக வாடிக்கையாளர்கள் பலர், சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளுக்காகச் சொல்லப்பட்ட அறிவுரைகளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, அவற்றை அப்படியே இங்கே செய்து பார்க்கிறார்கள். மாதந்தோறும் இயந்திரத்தில் வினிகர் ஊற்றுகிறார்கள், உப்பு போடும் மென்னீராக்கும் கருவி வாங்குகிறார்கள், சலவைத்தூளை இரட்டிப்பாக்குகிறார்கள். அந்த ஊர் நீருக்கு அவை சரியான மருந்துகள்தாம். ஆனால் நம் வீட்டு நீருக்கு அந்த நோயே இல்லை. இங்கே சாதனங்களைக் கெடுப்பவை வண்டல், துரு, அளவுக்கு மிஞ்சிய சலவைத்தூள் ஆகியவையே. முதலில் அளந்து பார்த்து, பிறகு செலவு செய்ய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நீர் வரும் வழி

மழைநீரில் கடினத்தன்மை கிடையாது. அது மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு சற்றே அமிலமாகிறது. வழியில் சுண்ணாம்புப் பாறை இருந்தால் அதைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சுண்ணாம்புப் பாறை இல்லாவிட்டால் கரைப்பதற்கு ஒன்றும் இல்லை. பினாங்குத் தீவின் மலைகள் பெரும்பாலும் கிரானைட் பாறைகளால் ஆனவை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறுகிறவர்கள் அந்தப் பாறைகளைக் காலடியில் பார்த்திருப்பார்கள். அந்த மலைக்கு அப்பெயர் வரக் காரணமான அருவியின் நீர்தான் ஒரு காலத்தில் நகரத்துக்கும், துறைமுகத்துக்கு வந்த கப்பல்களுக்கும் பயன்பட்டது. கிரானைட் பாறை நீரில் எளிதாகக் கரைவதில்லை. ஆகவே அதன் மேல் ஓடி வரும் நீர் மென்மையாகவே இருக்கிறது.

இன்று பினாங்கின் நீரில் பெரும்பகுதி மலையருவியிலிருந்து வருவதில்லை. கெடாவின் மலைகளில் தோன்றி, கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடும் மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு, பெருநிலத்தில் உள்ள சுங்கை டுவா சுத்திகரிப்பு ஆலையில் தூய்மையாக்கப்பட்டு, கடலடிக் குழாய்கள் வழியாகத் தீவுக்கு வருகிறது. 1962இல் திறக்கப்பட்ட ஆயர் ஈத்தாம் அணையும், தெலுக் பஹாங் அணையும் தீவுக்குத் துணை நிற்கின்றன. ஆற்று நீரும் பெரும்பாலும் நிலத்தின் மேல் ஓடி வரும் மழைநீரே என்பதால் அதுவும் மென்மையானதுதான். ஆலையில் படிகாரம் சேர்த்து அழுக்கை உறைய வைத்து வடிகட்டுகிறார்கள். படிகாரம் நீரைச் சற்று அமிலமாக்கிவிடும் என்பதால், அதைச் சரிசெய்யச் சிறிதளவு சுண்ணாம்பு சேர்க்கப்படுகிறது. நம் குழாய் நீரில் இருக்கும் கொஞ்சநஞ்சக் கால்சியத்தில் ஒரு பங்கு இந்தச் சுண்ணாம்பால் வருவது.

கோலாலம்பூரில் இருப்பவர்கள் பத்துமலையை நினைத்துக்கொண்டு, சுண்ணாம்புக் குன்றின் அடியில் இருக்கும் நகரத்தின் நீர் கடினமாகத்தானே இருக்கும் என்று கேட்பதுண்டு. நகரத்தின் அடியில் சுண்ணாம்புப் பாறை இருப்பது உண்மைதான். ஆனால் குழாயில் வரும் நீர் அந்தப் பாறையிலிருந்து எடுக்கப்படுவதில்லை. தித்திவாங்சா மலைத்தொடரின் கிரானைட் சரிவுகளிலிருந்து இறங்கும் சிலாங்கூர் ஆறு போன்றவற்றிலிருந்தே அது வருகிறது. ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தாப் பள்ளத்தாக்கிலும் பெர்லிஸிலும் கிணற்று நீரைப் பயன்படுத்துவோருக்கு மட்டும் கதை வேறு. பினாங்கிலும் சொந்தக் கிணறு வைத்திருக்கும் வீடுகளுக்கு நான் இங்கே சொல்பவை அப்படியே பொருந்தா.

அளக்கும் முறை

கடினத்தன்மை, ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு நிகரான தாதுக்கள் உள்ளன என்று கணக்கிடப்படுகிறது. 60 வரை மென்னீர். 61 முதல் 120 வரை ஓரளவு கடினமான நீர். 121 முதல் 180 வரை கடின நீர். அதற்கு மேல் மிகக் கடினமான நீர். மலேசியச் சுகாதார அமைச்சின் குடிநீர்த் தர அளவுகோல் 500 வரை அனுமதிக்கிறது. அது உடல்நலத்தையும் சுவையையும் பார்த்து வைத்த எல்லையே தவிர, கெட்டிலின் ஆயுளைப் பார்த்து வைத்ததன்று. குடிநீர்த் தரத்துக்குள் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் படிவு வராது என்று முடிவு செய்ய முடியாது.

வீட்டில் அளப்பதற்கு மிக மலிவான, நம்பகமான வழி வண்ண மீன் கடையில் இருக்கிறது. மீன் வளர்ப்போர் பயன்படுத்தும் ஜி.எச். (மொத்தக் கடினத்தன்மை) துளிச் சோதனைக் குப்பியை வாங்குங்கள். கூடவே கே.எச். என்று இன்னொரு குப்பியும் இருக்கும். அது வேறு அளவு, இப்போது அது தேவையில்லை. சமையலறைக் குழாயை ஒரு நிமிடம் திறந்து விட்டு, பிறகு சோதனைக் குழலில் 5 மில்லிலிட்டர் நீரைப் பிடித்து, திரவத்தை ஒவ்வொரு துளியாக விட்டு, ஒவ்வொரு துளிக்கும் குலுக்கிப் பாருங்கள். நீர் முதலில் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருந்து, ஒரு துளியில் சட்டென்று பச்சையாகும். எத்தனையாவது துளியில் பச்சையானதோ அதுவே ஜெர்மன் பாகை எண். ஒரு பாகை என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். மூன்று துளிக்குள் முடிந்துவிட்டால் உங்கள் நீர் மென்னீர்; ஏழு துளியைத் தாண்டினால் கடின நீர். என் வீட்டுக் குழாயில் இரண்டாவது துளியிலேயே பச்சையாகிவிடுகிறது, அதாவது ஏறத்தாழ 36 மில்லிகிராம். முதல் துளியில் நிறம் மிக மங்கலாக இருப்பதால் வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்ப்பது நல்லது.

காசு செலவழிக்க விருப்பம் இல்லாதவர்களுக்குச் சோப்புச் சோதனை போதும். மூடியுள்ள இரண்டு சிறிய கண்ணாடிக் குப்பிகளை எடுத்து, ஒன்றில் குழாய் நீரையும், மற்றொன்றில் பெட்ரோல் நிலையத்தில் கார் பேட்டரிக்காக விற்கும் வாலை வடித்த நீரையும் ஒரே அளவில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் துணி சோப்புக் கட்டியிலிருந்து சீவிய துகள் சிறிதளவு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். இரண்டிலும் நுரை ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு எழும்பி, நுரைக்கடியில் நீர் தெளிவாக இருந்தால் உங்கள் நீர் மென்மையானது. குழாய் நீரில் நுரை குறைந்து, பால் கலந்தது போல் வெண்மையாகித் திரி திரியாக மிதந்தால் அது கடின நீர். பாத்திரம் கழுவும் திரவத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது கடின நீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டது. பேட்டரிக்கான அமிலத்தைத் தவறுதலாக வாங்கிவிடாமல் லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

இணையக் கடைகளில் பேனா வடிவில் விற்கும் டி.டி.எஸ். மீட்டர் கடினத்தன்மையை அளப்பதில்லை. அது நீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை அளந்து, மொத்தத்தில் எவ்வளவு கரைந்திருக்கும் என்று கணிக்கிறது. சமையல் உப்பு கரைந்தாலும் அதன் எண் ஏறும். ஆயினும் ஒரு பயன் உண்டு: மீட்டர் 50, 60 என்று காட்டினால் அந்த நீர் கடின நீராக இருக்க வழியில்லை. மீட்டர் 300 என்று காட்டினால்தான், அது கால்சியமா உப்பா என்று துளிச் சோதனையால் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள் கொண்டுவரப்படும் சோதனை

இங்கே ஒன்றை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் என் பெரியம்மா இதில் 2,800 ரிங்கிட்டை இழந்தார். வடிகட்டி விற்க வந்த ஓர் இளைஞர், இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஒன்றில் குழாய் நீரையும் மற்றொன்றில் தம் கருவியின் நீரையும் ஊற்றி, உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியை இரண்டின் மேலும் வைத்து, மின்சாரத்தைப் போட்டார். அரை நிமிடத்தில் குழாய் நீர் இருந்த டம்ளரில் பழுப்பும் பச்சையுமாகச் சேறு திரண்டு எழுந்தது. மற்ற டம்ளர் தெளிவாகவே இருந்தது. இத்தனை காலம் இதையா குடித்தோம் என்று பெரியம்மா பதறிப்போனார்.

அந்தச் சேறு நீரில் இருந்ததன்று. பெட்டியின் கம்பிகளில் ஒன்று இரும்பு. நீரில் தாது கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து, துருவாக மாறி நீரை நிறமாக்கும். தாது ஏறக்குறைய முற்றிலும் நீக்கப்பட்ட நீரில் மின்சாரம் பாயாது, ஆகவே கம்பியும் கரையாது. உங்கள் வீட்டில் யாராவது இதைச் செய்து காட்டினால், கருவியின் தூய நீர் உள்ள டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடியும் செய்து காட்டும்படி கேளுங்கள். அதிலும் அதே சேறு வரும். வயதானவர்கள் தனியாக இருக்கும் நேரம் பார்த்து இதைச் செய்வதுதான் எனக்கு ஆறாத வருத்தம். இதைப் படிக்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உப்புச் சிட்டிகைச் செய்தியை மட்டுமாவது சொல்லி வையுங்கள்.

தெர்மோபோட்டும் கெட்டிலும்

கடின நீரைச் சூடாக்கும்போது, கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் தன்னிடமுள்ள கரியமில வாயுவை இழந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகச் சூடேற்றும் தகட்டின் மேல் படிகிறது. இது மெல்லிய கல் போன்றது. வெப்பத்தை நன்கு கடத்தாது. எனவே சூடேற்றி வேலை செய்து செய்து அதிகமாகச் சூடாகி, இறுதியில் எரிந்துபோகிறது.

நம் நீரில் இது எவ்வளவு நடக்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மூன்று லிட்டர் தெர்மோபோட்டை நாளுக்கு ஒரு முறை நிரப்புகிறீர்கள் என்று வையுங்கள். நீரின் கடினத்தன்மை 36 மில்லிகிராம் என்றால், உள்ளதெல்லாம் படிந்தாலும் ஒரு நாளுக்கு 108 மில்லிகிராம், முப்பது நாளுக்கு ஏறத்தாழ மூன்றே கால் கிராம். அதே தெர்மோபோட்டில் 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றினால் மாதத்துக்கு 27 கிராம் வரை படியக்கூடும். உண்மையில் எல்லாம் படிவதில்லை. பெரும்பகுதி நாம் குடிக்கும் நீரோடு போய்விடும். இந்த எட்டு மடங்குக்கும் மேலான வேறுபாட்டால்தான் அங்கே மாதந்தோறும் செய்ய வேண்டியதை இங்கே ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை செய்தால் போதுமாகிறது.

ஆனால் தெர்மோபோட்டை ஒருபோதும் முழுவதும் காலி செய்யாமல், குறையக் குறைய மேலே ஊற்றிக்கொண்டே இருக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. நீராவி வெளியேறும்போது தாது உள்ளேயே தங்கிவிடுவதால், மென்னீரிலும் மெல்ல மெல்லச் செறிவு ஏறுகிறது. வாரம் ஒரு முறை மின்செருகியைப் பிடுங்கி, ஆறியபின் முழுவதையும் கவிழ்த்துக் கொட்டி, ஒரு முறை அலசுங்கள். பல வீடுகளுக்கு இதுவே போதும்.

பிறகு உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். அடியில் தெரியும் கறையின் நிறம் பலவற்றைச் சொல்லும். வெண்மையாக, விரலால் தடவினால் சொரசொரப்பாக இருந்து, அதன் மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டதும் பொரிந்து குமிழி எழுந்தால் அது சுண்ணாம்பு. பழுப்பாகவோ தேநீர் நிறத்திலோ மழமழவென்று படர்ந்து, வினிகர் விட்டும் குமிழி வராவிட்டால் அது குழாய்த் துருவின் இரும்பும் நுண்ணிய வண்டலும் சேர்ந்த படலம். நான் பினாங்கு வீடுகளில் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவது வகையே. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் இரும்புக் குழாய் இன்னும் இருக்கும் இடங்களில் இது அதிகம்.

இரண்டையும் நீக்கச் சிட்ரிக் அமிலம் உதவும். எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையிலும், கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடையிலும் கிடைக்கும். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில் கரைத்து, கறை மூழ்கும் வரை நிரப்பி, சாதனத்தின் கையேட்டில் தூய்மைப்படுத்தும் முறை தரப்பட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். கையேடு இல்லாவிட்டால் கை பொறுக்காத சூட்டுக்கு மட்டும் காய்ச்சி, அணைத்து, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு மென்மையான பஞ்சால் துடைத்து, இரண்டு முறை நல்ல நீரைக் காய்ச்சிக் கொட்டுங்கள். கம்பி நார் வேண்டாம். பூச்சு கீறிப் போனால் அந்தக் கீறலிலேயே அடுத்த கறை பிடிக்கும். வினிகரோ எலுமிச்சை உப்போ எதுவாயினும் பிளீச்சோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியாகும். காற்றோட்டமில்லாத சமையலறையில் அது மூச்சை அடைக்கும்.

சலவை இயந்திரம்

தண்ணீர் நிரம்பவில்லை, அல்லது நிரம்ப அரை மணி நேரம் ஆகிறது என்ற புகாருக்காகவே என்னை அதிகம் கூப்பிடுகிறார்கள். உள்ளே சுண்ணாம்பு அடைத்துக்கொண்டதா என்று கேட்பார்கள். மேலிருந்து துணி போடும், குளிர்ந்த நீரில் துவைக்கும் இயந்திரத்தில் சூடேற்றியே கிடையாது. சூடு இல்லாத இடத்தில் சுண்ணாம்பு படிய வேண்டிய காரணமும் இல்லை. அடைப்பு வேறு இடத்தில் இருக்கிறது, அதை நீங்களே பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம்.

இயந்திரத்துக்கு வரும் குழாயை மூடுங்கள். மின்செருகியைப் பிடுங்குங்கள். இயந்திரத்தின் பின்புறத்தில் நீர்க்குழாய் சேரும் பிளாஸ்டிக் திருகை, கீழே ஒரு துணியை விரித்துக்கொண்டு, கையால் இடப்பக்கம் திருகிக் கழற்றுங்கள். குழாய் இருந்த வாயின் உள்ளே, தையற்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் அளவுக்கு ஒரு சிறிய பிளாஸ்டிக் வலை தெரியும். அதன் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைக் குறட்டால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். முதல் முறை இழுக்கும்போது அது வலை என்றே தெரியாது. கண்ணெல்லாம் அடைந்து, காப்பித்தூளைக் குழைத்து அப்பியது போல் பழுப்பு வண்டல், இடையில் கறுப்பு ரப்பர்த் துணுக்குகள், சில வேளை அரிசி மணி அளவில் துருச் செதில்கள். பழைய பல்துலக்கியால் உள்ளும் புறமும் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எல்லாக் கண்ணும் திறந்திருந்தால் திரும்ப மாட்டுங்கள். நீர்க்குழாயின் வாயில் உள்ள ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். கையால் இறுக்கினாலே போதும்; குறடு வைத்து முறுக்கினால் பிளாஸ்டிக் மரை போய்விடும். குழாயைத் திறந்து, ஐந்து நிமிடம் நின்று, சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். வலையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டினால் வண்டல் நீர் வால்வுக்குள் போய், வால்வு முழுதாக மூடாமல், நீங்கள் வெளியூர் போயிருக்கும் நாளில் வீட்டை நனைக்கும்.

இந்த வண்டல் எப்போது வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் தடுக்கவும் முடியும். நீர் விநியோகம் நிறுத்தப்பட்டு மீண்டும் வரும்போது, காலியான குழாயில் வேகமாகப் பாயும் நீர், பல ஆண்டுகளாகக் குழாயின் அடியில் அமைதியாகக் கிடந்ததையெல்லாம் கிளப்பிக்கொண்டு வருகிறது. சுங்கை டுவாவில் இரண்டு பெரிய வால்வுகளை மாற்றுவதற்காக 2024 ஜனவரி 10 தொடங்கி 14 வரை பினாங்கின் பல பகுதிகளில் நீர் நிறுத்தப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கடுத்த இரண்டு வாரங்களில் எனக்கு ஓய்வே கிடைக்கவில்லை. போன வீடுகளிலெல்லாம் அதே வலை, அதே சேறு. அறிவிப்பு வந்தவுடன் சலவை இயந்திரம், வாட்டர் ஹீட்டர், வடிகட்டி ஆகியவற்றுக்குப் போகும் குழாய்களை மூடிவிடுங்கள். நீர் திரும்பியதும் வாசலில் உள்ள, மிகத் தாழ்வான குழாயை முதலில் திறந்து, வாளியில் பிடித்துப் பார்த்து, தெளியும் வரை ஓடவிடுங்கள். அந்த நீரைச் செடிக்கும் வாசல் கழுவவும் வைத்துக்கொள்ளலாம். தெளிந்த பிறகே மற்றவற்றைத் திறவுங்கள்.

அடுத்தது சலவைத்தூள். கடின நீரில் சலவைத்தூளின் ஒரு பங்கு அழுக்கைத் தொடுமுன்பே கால்சியத்தைப் பிடிப்பதில் செலவாகிவிடுகிறது. அதனால்தான் வெளிநாட்டுப் பெட்டிகளில் மென்னீர், நடுத்தரம், கடின நீர் என்று மூன்று அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். நமக்குரியது அதில் மிகக் குறைந்த அளவு. உள்ளூர்ப் பெட்டியில் ஒரே அளவு இருந்தால் அதில் பாதியில் தொடங்கி, அழுக்கு போகாவிட்டால் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். கடைசி அலசலின்போது மூடியைத் திறந்து பாருங்கள். நுரை இன்னும் மிதந்தால் தூள் அதிகம். கறுப்புத் துணியில் காய்ந்த பின் தெரியும் வெள்ளைக் கோடுகளைச் சுண்ணாம்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது கரையாமல் தங்கிய சலவைத்தூள்; நீரில் நனைத்துத் தேய்த்தாலே போய்விடும். முன்புறம் திறக்கும் இயந்திரத்தில் இது இன்னும் கெடுதல். நுரை மெத்தை போல் நின்று துணிகள் மோதித் துவைபடுவதைத் தடுக்கிறது. மிச்சம் வாய்ப்பகுதி ரப்பரின் மடிப்பில் தங்கி, நம் ஈரக்காற்றில் கறுப்புப் பூஞ்சையாகிறது. மாதம் ஒரு முறை துணியில்லாமல் 60 பாகை வெந்நீரில் ஓட்டி, ரப்பர் மடிப்பைத் துடைத்து, கதவைத் திறந்தே வையுங்கள்.

வாட்டர் ஹீட்டர்

குளியலறையில் நாம் பொதுவாக வைத்திருக்கும் உடனடிச் சூடேற்றியில் நீர் சில நொடிகளே தங்குகிறது. நம் நீரில் அதற்குள் சுண்ணாம்பு படிவது அரிது. நீர் மெலிதாக வந்து, சூடே ஆகாவிட்டால், நுழைவாயிலில் உள்ள சிறிய வலையும் ஷவர் தலையின் துளைகளும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. நீரோட்டம் குறைந்தால் சூடேற்றியைப் பாதுகாப்பாக நிறுத்திவிடும் விசை உள்ளே இருக்கிறது; கருவி கெட்டுவிட்டது என்று பலர் எண்ணுவது அந்த விசை தன் கடமையைச் செய்யும் நேரத்தைத்தான். சுவர் விசையை அணைத்து, கருவியின் அடியிலுள்ள வால்வை மூடி, வலையைக் கழுவுங்கள். மூடியைத் திறந்து உள்ளே கைவைக்காதீர்கள். மாதம் ஒரு முறை, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. விசையின் சோதனைப் பொத்தானை அழுத்தி, மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா என்று பாருங்கள். துண்டிக்கப்படாவிட்டாலோ, நீரில் சிறிய அதிர்ச்சி உணர்ந்தாலோ குளிப்பதை நிறுத்திவிட்டு, எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கூரைக்கடியில் வைக்கும் தொட்டி வகைச் சூடேற்றியில், தொட்டி துருப்பிடிக்காமல் தான் கரைந்து காக்கும் ஆனோட் கம்பி ஒன்று இருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதைப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

பாத்திரம் கழுவும் இயந்திரம், காப்பி இயந்திரம், நீராவி இஸ்திரி

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் உப்பு போடும் அறையும், கடினத்தன்மையைக் குறிக்கும் அமைப்பும் இருக்கும். துளிச் சோதனையில் வந்த எண்ணைக் கொண்டு கையேட்டைப் பார்த்து அமையுங்கள். பினாங்கில் அது பெரும்பாலும் மிகக் குறைந்த நிலையாக இருக்கும். அளவுக்கு மேல் மென்மையான நீரும், அளவுக்கு மிஞ்சிய பாத்திரச் சோப்பு வில்லையும், அதிகச் சூடும் சேர்ந்தால் கண்ணாடி டம்ளர் மங்கலாகிவிடும். அந்த மங்கல் வினிகரில் ஊறவைத்துப் போனால் சுண்ணாம்பு. போகாவிட்டால் கண்ணாடியே அரிக்கப்பட்டுவிட்டது, இனித் திரும்பாது. காப்பி இயந்திரத்திலும் அதே எண்ணை அமைத்துவிடுங்கள். தாது ஏறக்குறைய முற்றிலும் நீக்கப்பட்ட நீரைச் சில இயந்திரங்களின் நீர்மட்ட உணரி கண்டுகொள்ளாது, ஏனென்றால் அது மின்கடத்தலைக் கொண்டே நீர் இருப்பதை அறிகிறது. இஸ்திரிக்குக் குழாய் நீரே போதும்; வேலை முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

மென்னீரின் சொந்தக் குறை

மென்னீருக்கும் ஒரு குணம் உண்டு: கரைப்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் வந்த நீர், உங்கள் குழாயைக் கரைக்கப் பார்க்கும். செம்புக் குழாய் உள்ள வீட்டில் கைகழுவும் தொட்டியில், நீர் சொட்டும் இடத்தில் பச்சையும் நீலமுமாகக் கறை படிந்தால், அது செம்பு. காலையில் முதல் நீரைச் சற்று ஓடவிட்டபின் குடிக்கவும் சமைக்கவும் பிடியுங்கள். வெந்நீர்க் குழாயில் வரும் நீரைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

வாசலில் வைக்கும் மணல் வடிகட்டி வண்டலைப் பிடிக்கும், கடினத்தன்மையைத் தொடாது. வண்டல்தான் நமக்குத் தொல்லை என்பதால் அதை வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விற்பனையாளர் சொன்ன இடைவெளியில் நீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவ மறந்தால், அதுவே வண்டல் மூட்டையாகிவிடும். கரி வடிகட்டியைக் கூரைத் தொட்டிக்கு முன்னால் வைப்பதை யோசித்துச் செய்யுங்கள். கரி, குளோரினை எடுத்துவிடும்; குளோரின் இல்லாத நீர் தொட்டியில் நாள்கணக்கில் தங்கினால் கிருமி வளரும். தரைவீடுகளில் சமையலறைக் குழாய் பொதுவாக நேரடியாக வெளிக்குழாயிலிருந்தும், மற்றவை கூரைத் தொட்டியிலிருந்தும் வருவதால், சமையலறையில் தெளிவாக வரும் நீர் குளியலறையில் கலங்கி வந்தால் குற்றம் தொட்டியில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை தொட்டியைக் கழுவினால் சலவை இயந்திரத்தின் வலையும் தூய்மையாக இருக்கும்.

துளிச் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்து, எண்ணையும் தேதியையும் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டி வையுங்கள். எண் திடீரென்று ஏழுக்கு மேல் போனால், முதலில் பக்கத்து வீட்டு நீரையும் அளந்து பாருங்கள். அங்கேயும் அதே எண் வந்தால் நீர் வழங்கும் நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் ஏறியிருந்தால், பழைய கிணற்று இணைப்பு ஏதேனும் குழாயில் கலக்கிறதா என்று பிளம்பரிடம் காட்டுங்கள். மென்னீராக்கும் கருவியைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.